இலகு வண்டி, கரடு பாதை: 120 மி.மீ. டிரெயில் பைக் ஒன்றின் தேர்வும் திருத்தமும்

மேலே ஏற்றிவிட லிஃப்ட் இல்லாத மலை. ஏறுவது முழுக்கத் தன் காலால். இறங்குவது வேகமாக, ஈர வேர்கள் மீதும் மண் தாவல்கள் மீதும். இரண்டுக்கும் ஒரே மலைச் சைக்கிள் வேண்டும், அது 29 அங்குலச் சக்கரத்தோடு 12 கிலோ சுற்றுவட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் எதை எடுப்பது, எடுத்த பிறகு அதில் எதை மாற்றுவது என்பதுதான் இந்த ஆய்வு.

களம்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், பெல்லிங்ஹாம் நகரை ஒட்டிய கால்பிரெய்த் மலை. உச்சி ஏறத்தாழ 540 மீட்டர். மரம் வெட்டும் தொழிலுக்கான தனியார் காடு அது; 2018-ல் அங்கே பொதுமக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவுமான உரிமையை நகராட்சி விலைகொடுத்து வாங்கியது. அன்எம்ப்ளாய்மென்ட் லைன் போன்ற தாவல் பாதைகளும் வேர் நிறைந்த குறுகல் பாதைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை ஓயாது. எல்லை தாண்டினால் கனடாவின் ஸ்குவாமிஷ். அங்கே செங்குத்தான கருங்கல் சரிவுகள்.

கணக்கு நிற்க ஒரு ஓட்டுநரை வரையறுத்துக்கொள்வோம். உயரம் 178 செ.மீ. ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து எடை 80 கிலோ. வாரத்தில் பெரும்பாலான சவாரி கால்பிரெய்தில், எப்போதாவது ஸ்குவாமிஷில். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பார். பைக் பார்க்குக்குப் போகமாட்டார். இந்தக் கடைசி வரி முக்கியம். லிஃப்டில் ஏறி நாள் முழுக்க இறங்குபவருக்கு இந்தக் கட்டுரையின் வண்டியே தவறு.

பட்டியலில் நின்ற நான்கு

2019-க்கும் 2021-க்கும் இடையே வந்த வண்டிகளில்தான் இந்த வகை உருப்பெற்றது. இன்று பழைய சந்தையிலும் அதிகம் கிடைப்பவை இவையே. கீழே வரும் மி.மீ. எண்கள் சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலே அசையக்கூடிய தூரம்; ஹெட் ஆங்கிள் என்பது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சாய்ந்திருக்கும் கோணம். ஸ்பெஷலைஸ்டு எபிக் ஈவோ: பின்னே 110 மி.மீ., முன்னே 120 மி.மீ., ஹெட் ஆங்கிள் 66.5 டிகிரி. டிரான்சிஷன் ஸ்பர்: இருபுறமும் 120 மி.மீ., 66 டிகிரி. சாண்டா குரூஸ் டால்பாயின் நான்காம் வடிவம்: பின்னே 120, முன்னே 130, ஹெட் ஆங்கிள் 65.5 அல்லது 65.7. நார்கோ ஆப்டிக்: பின்னே 125, முன்னே 140, 65 டிகிரி.

எபிக் ஈவோ அடிப்படையில் பந்தய வண்டி. ஏற்றத்தில் இந்த நால்வரில் அதுதான் முந்தும். இறக்கத்திலோ ஓட்டுநரின் தவறை அது பொறுக்காது. ஆப்டிக் மறுகோடி: இறக்கத்தில் 150 மி.மீ. வண்டிகளோடு ஓடக்கூடியது, ஆனால் அதன் எடையும் கிட்டத்தட்ட அந்த வண்டிகளின் எடைதான். டால்பாய் நடுவில் நிற்கிறது. உறுதியான ஃபிரேம், நல்ல சஸ்பென்ஷன். ஆனால் ஒரே விலைப் படியில் ஸ்பரைவிடப் பொதுவாக ஒரு கிலோவுக்கு மேல் கனம்.

ஸ்பர் பெல்லிங்ஹாம்காரர்கள் வடிவமைத்தது, 2020-ல் வந்தது. மீடியம் அளவு கார்பன் ஃபிரேம், ஷாக்கோடு (பின் சஸ்பென்ஷன்) சேர்த்து 2,450 கிராம் என்பது நிறுவனத்தின் கணக்கு. பந்தய ஃபிரேமின் எடை இது. ஜியோமெட்ரியோ பந்தயத்துக்கானது அல்ல: லார்ஜ் அளவில் ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹாண்டில்பார் குழாய் வரை முன்னோக்கிய தூரம்) 480 மி.மீ., செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை) 435 மி.மீ. இதே 480 ரீச்தான் ஆப்டிக் லார்ஜிலும். அதாவது கனமான வண்டியின் உடல்வாகு, இலகு வண்டியின் எலும்பு. தேர்வு இதன்மேல் விழுந்ததற்குக் காரணம் இதுவே. டயர், பிரேக், ஃபோர்க் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ரீச்சையும் செயின்ஸ்டேயையும் மாற்ற முடியாது. எடையைக் குறைத்து வாங்க வேண்டிய இடம் ஃபிரேம். அங்கே மிச்சமாகும் கிராம்களைச் செலவழிக்க வேண்டிய இடம் டயரும் பிரேக்கும்.

ஒரு கிலோவின் விலை எத்தனை நொடி

இந்தக் கணக்கைப் போடாமலேதான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஓட்டுநர் 80 கிலோ, வண்டி 12.5 கிலோ; மொத்தம் 92.5. நல்ல சரிவான ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது செலவாகும் சக்தியில் பெரும்பங்கு எடையைத் தூக்குவதற்கே. எனவே ஒரு கிலோ குறைந்தால் நேரமும் ஏறத்தாழ 1.1 சதவீதம் குறையும். 40 நிமிட ஏற்றத்தில் அது 26 நொடி. 300 கிராம் என்றால் 8 நொடி.

சுழலும் எடை இரட்டிப்பாகக் கனக்கும் என்று சொல்வார்கள். வேகம் கூட்டும் கணத்துக்கு மட்டும் அது பொருந்தும். ஒரே சீராக ஏறும்போது ரிம்மில் இருக்கும் 100 கிராமும் ஃபிரேமில் இருக்கும் 100 கிராமும் ஒன்றே. வளைவிலிருந்து வெளியேறி மிதிக்கும்போதும், சக்கரத்தைத் தூக்கித் திருப்பும்போதும் வித்தியாசம் தெரியும். ஆனால் பேச்சில் கேட்கும் அளவுக்கு இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். இரண்டு டயர்களிலும் சேர்த்து 300 கிராம் மிச்சம் பிடித்தால் ஏற்றத்தில் 8 நொடி லாபம். அந்த மெல்லிய டயர் ஒருமுறை பக்கவாட்டில் கிழிந்தால், டியூப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பப் பத்து நிமிடம் போகும். ரிம் நெளிந்தால் நடைதான். இதைவிட முக்கியமான நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது: கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் காற்றை 5 பி.எஸ்.ஐ. கூட்டி வைப்பார்கள். கூடுதல் காற்றில் டயர் வேரைப் பிடிக்காமல் துள்ளும், முன்சக்கரம் வழுக்கும், பிரேக் முன்கூட்டியே விழும். எட்டு நொடிக்காக முழு இறக்கமும் மெதுவாகிவிடும்.

ஜியோமெட்ரி: தாளில் உள்ள எண் பாதையில் என்ன செய்கிறது

29 அங்குலச் சக்கரத்தின் பலனை விளம்பரங்கள் கொஞ்சம் ஊதிவிட்டன. 60 மி.மீ. உயரமுள்ள வேரில் 2.4 அங்குல டயர் மோதும் கோணத்தைக் கணக்கிட்டால் 29-க்கு 33 டிகிரி, பழைய 26-க்கு ஏறத்தாழ 34.5. ஒரு மோதலில் வித்தியாசம் சொற்பம். ஆனால் ஒரு இறக்கத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் வரும். குழிக்குள் சக்கரம் இறங்கும் ஆழமும் குறைவு. சிறுகச் சிறுகச் சேர்ந்துதான் 29 வேகமாகிறது.

பெரிய சக்கரத்தின் பழைய குறை வேறு: ஆரம்பகால 29-கள் மந்தமாகத் திரும்பின, செங்குத்தில் முன்பக்கம் கவிழ்வதுபோல் பயமுறுத்தின. பந்தய 29 வண்டிகளின் ஹெட் ஆங்கிள் ஒரு காலத்தில் 71 டிகிரி. ஃபோர்க் ஆஃப்செட் (திருப்பும் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்னே தள்ளியிருக்கும் தூரம்) 51 மி.மீ. என்றால் டிரெயில் அளவு (திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) வெறும் 74 மி.மீ. தான். ஸ்பரில் 66 டிகிரிக்கும் 44 மி.மீ. ஆஃப்செட்டுக்கும் அது 117 மி.மீ. வரும். டிரெயில் கூடக்கூட முன்சக்கரம் தானே நேராக நிற்கும். கல்லில் பட்டு ஹாண்டில்பார் பிடுங்கிக்கொள்ளாது. பதிலுக்கு, மெதுவாக ஏறும்போது முன்பக்கம் அங்குமிங்கும் அலையும். அந்த அலைச்சலைச் சமாளிக்க சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) நிமிர்ந்திருக்க வேண்டும். ஸ்பரில் அது ஏறத்தாழ 76 டிகிரி. உடல் முன்னே வருவதால் முன்சக்கரத்தில் பாரம் விழுகிறது.

அளவு தேர்வில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 178 செ.மீ. என்பது பல நிறுவனங்களின் அட்டவணையில் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவே விழும். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் மீடியமே சுகமாகத் தோன்றும். ஏனென்றால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்த வண்டியில் நின்றுகொண்டுதான் இறங்குவோம். நின்று, முழங்கையை மடக்கி, இடுப்பைப் பின்னே தள்ளிப் பார்த்தால்தான் ரீச் போதுமா என்று தெரியும். இந்த ஓட்டுநருக்கு லார்ஜ், 40 அல்லது 45 மி.மீ. ஸ்டெம் (ஹாண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு), 770 மி.மீ. ஹாண்டில்பார். பார் 800 மி.மீ. வந்தால் அறுத்துக்கொள்ளலாம்; இருபுறமும் 5 மி.மீ. வீதம் அறுத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் ஒட்ட முடியாது.

ஃபிரேமின் பின்பகுதி

ஸ்பரின் சீட்ஸ்டேயில் (பின் அச்சிலிருந்து மேலே போகும் குழாய்) பின் அச்சருகே பேரிங் கிடையாது. கார்பனே சில டிகிரி வளைந்து அந்த வேலையைச் செய்கிறது. பேரிங், போல்ட், அச்சு எல்லாம் போவதால் எடை மிச்சம், கிறீச் சத்தமும் குறைவு. சஸ்பென்ஷன் பயணம் கூடினால் வளைய வேண்டிய கோணமும் கூடும் என்பதால்தான் இந்த அமைப்பு பெரும்பாலும் 120 மி.மீ. வட்டாரத்தோடு நின்றுவிடுகிறது.

பழைய வண்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு, வளையும் பகுதியைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கீறல் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது விளிம்பு தட்டுகிற, நார் தெரிகிற கீறல் என்றால் விட்டுவிடுங்கள். ஷூ குதிகால் உரசிய தடம் செயின்ஸ்டேயில் இருக்கும்; அது ஆழமாக இருந்தால் அதுவும் சிக்கல். வண்டியைப் பழுது பார்க்கும் ஸ்டாண்டில் மாட்டும்போது டிராப்பர் போஸ்டை (சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு) பிடிக்க வேண்டும், கார்பன் குழாயை அல்ல.

பின் ஷாக் 190 x 45 மி.மீ. 45 மி.மீ. அசைவு சக்கரத்தில் 120 ஆகிறது. சராசரி லீவரேஜ் 2.67. எண் குறைவு என்பது நல்ல செய்தி: ஷாக்கில் காற்றழுத்தம் மிதமாகப் போதும், சீல்களுக்குச் சிரமமில்லை. குறை என்னவென்றால் சிட்லக்ஸ் என்ற இந்த ஷாக்கில் வெளி எண்ணெய்த் தொட்டி இல்லை, எண்ணெய் அளவு கொஞ்சம். நீண்ட கரடு இறக்கத்தின் கடைசியில் அது சூடாகி ரீபவுண்ட் (அமுங்கியபின் திரும்பி விரிவது) வேகமெடுக்கும், பின்பக்கம் உதைக்கத் தொடங்கும். கால்பிரெய்தில் இறக்கங்கள் சிறியவை. அங்கே இது தெரியாது. ஸ்குவாமிஷில் தெரியும்.

ஃபோர்க்

ஸ்பரோடு வந்தது ராக்‌ஷாக்ஸ் சிட். 2020-ல் இதன் கால்கள் 35 மி.மீ. தடிமனுக்கு மாறின, அதற்கு முன் 32. உயர்தர அல்டிமேட் சுமார் 1,540 கிராம். பைக் என்ற மற்றொரு ஃபோர்க்கிலும் (அதன் பெயரே பைக், Pike) கால் அதே 35 மி.மீ. தான், எடையோ ஏறத்தாழ 300 கிராம் கூடுதல். அந்த 300 கிராம் எங்கே போகிறது? கிரவுன் (இரு கால்களையும் இணைக்கும் மேல்பகுதி), கீழ்ப்பகுதி, டாம்பர் (அசைவின் வேகத்தை அடக்கும் எண்ணெய்ப் பகுதி). சிட்டின் டாம்பர் பந்தயத்துக்கென்று சிறிதாக்கப்பட்டது. அடுத்தடுத்து வரும் கற்களில் அது கொஞ்சம் கடுமையாக நடந்துகொள்ளும், கை சோர்ந்துபோகும்.

80 கிலோ ஓட்டுநருக்குக் கால்பிரெய்தில் சிட் போதும். ஓட்டுநர் 90 கிலோவைத் தாண்டினாலோ பாதி சவாரி ஸ்குவாமிஷில் என்றாலோ பைக் ஃபோர்க்கே சரி. அப்படி மாற்றும்போது பயணத்தையும் 130 ஆக்கும் ஆசை வரும். 10 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ அரை டிகிரி சாயும், சீட் டியூப்பும் அதே அளவு சாயும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) 3 முதல் 4 மி.மீ. உயரும், ரீச் சில மி.மீ. சுருங்கும். இறக்கத்தில் நல்லது, ஏற்றத்தில் கொஞ்சம் நஷ்டம். ஃபிரேமுக்கு எத்தனை மி.மீ. ஃபோர்க் வரை உத்தரவாதம் என்று நிறுவனத்தின் கையேட்டில் பார்க்காமல் போடக்கூடாது. ஹெட் டியூப் மீது விழும் முறுக்கு ஃபோர்க் நீளத்தோடு கூடும்; இலகு ஃபிரேம் அதற்குக் கணக்கிடப்பட்டிருக்காது.

சக்கரமும் டயரும்

இந்த நேர்வில் அதிகம் யோசிக்க வேண்டிய பகுதி இதுவே.

29-ன் ஸ்போக் நீளமானது. அதே ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) கட்டினால் சிறிய சக்கரத்தைவிடப் பக்கவாட்டில் எளிதாக நெளியும். பூஸ்ட் அளவு வந்தது இதற்காகத்தான்: பின் ஹப் 142-லிருந்து 148 மி.மீ., முன் ஹப் 100-லிருந்து 110. ஹப்பின் காதுகள் அகன்றதால் ஸ்போக்கின் சாய்வு கூடி, சக்கரம் விறைத்தது. பழைய பந்தயச் சக்கரம் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் முதலில் இந்த அளவைப் பார்க்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்போக் எண்ணிக்கை. 1,500 கிராமுக்குக் கீழே வரும் அலுமினியச் சக்கரங்கள் பெரும்பாலும் 28 ஸ்போக், 25 மி.மீ. உள் அகல ரிம். இந்த ஓட்டத்துக்கு அது ஒத்துவராது. ரிம் உள் அகலம் 30 மி.மீ., பின்னால் 32 ஸ்போக், ஜோடி எடை 1,700 முதல் 1,800 கிராம்; இதுதான் சரியான வட்டம். 2.4 அங்குல டயர் 25 மி.மீ. ரிம்மில் பல்பு போல உருண்டு நிற்கும், குறைந்த காற்றில் வளைவில் மடங்கும்.

கார்பன் ரிம் வேண்டுமா? முன்னால் போடலாம். பின்னால் அலுமினியமே எங்கள் தேர்வு. பின் ரிம்தான் கல்லில் அடிவாங்குவது. அலுமினியம் நெளியும், கொறடால் நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் விரிசல் விட்டால் அத்தோடு சரி.

புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் முதல் சில சவாரிகளில் இறங்கிக்கொள்ளும். இதை யாரும் கவனிப்பதில்லை. பிறகு ஸ்போக் ஒடிந்தால் ரிம்மைக் குறை சொல்வார்கள். மூன்று நான்கு சவாரிக்குப் பிறகு ஒருமுறை டென்ஷன் மீட்டர் வைத்துப் பார்த்து, ரிம் நிறுவனம் சொல்லும் உச்ச அளவுக்குள் சமன்படுத்த வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் அடுத்தடுத்த ஸ்போக்குகளை ஜோடியாக அழுத்திப் பார்த்தாலே தளர்ந்தது கைக்குத் தெரியும்.

டயருக்கு வருவோம். ஸ்பர் கடையிலிருந்து வந்தபோது முன்னே மாக்ஸிஸ் டிஸெக்டர் 2.4, பின்னே ரேகான் 2.4, இரண்டும் எக்ஸோ உறை. கோடையில் காய்ந்த மண்ணுக்கு நல்ல ஜோடி. மழைக்காலக் கால்பிரெய்தில் ரேகான் தோற்கும் இடம் பிரேக் பிடிக்கும்போதுதான். நடுக்குமிழ்கள் தாழ்வானவை, சேறு இடையில் அப்பிக்கொண்டால் சக்கரம் பூட்டி வழுக்கும். முன்னே டிஸெக்டரும் ஈர வேரில் சாய்ந்து திரும்பும்போது நம்பிக்கை தராது.

பணம் குறைவாகச் செலவாகும் வழி: ஒரே ஒரு டயர் வாங்குங்கள். மினியன் டி.எச்.ஆர். 2, 29 x 2.4, எக்ஸோ உறை, சுமார் 950 கிராம், அது முன்னே. முன்னே இருந்த டிஸெக்டர் பின்னே. ரேகானைக் கழுவிச் சுருட்டி, கோடைக்கு எடுத்துவையுங்கள். ரப்பர் கலவையில் மாக்ஸ்டெரா போதும். மாக்ஸ்கிரிப் ஈரத்தில் இன்னும் ஒட்டும்தான், ஆனால் ஏற்றத்தில் அதன் இழுவை எடையைவிட அதிகம் தின்னும்.

எக்ஸோ என்பது பக்கச் சுவரில் மட்டும் கூடுதல் அடுக்கு. எக்ஸோ பிளஸில் அதைவிடக் கூடுதல் பாதுகாப்பு. ஒரு டயருக்கு 50 முதல் 100 கிராம் கூடும். பின் டயருக்கு இந்த இரண்டில் ஒன்று வேண்டும்: எக்ஸோ பிளஸ் உறை, அல்லது எக்ஸோவோடு உள்ளே ஓர் இலகு நுரை வளையம். குஷ்கோரின் எக்ஸ்.சி. வகை வளையம் 29-க்கு 150 கிராம் அளவு. வளையம் ரிம்மைக் காக்கும், ஆனால் கூர்க்கல் பக்கவாட்டில் கிழிப்பதைத் தடுக்காது. கருங்கல் மிகுந்த ஊர் என்றால் உறைக்குச் செலவிடுங்கள். வேரும் தாவலும் மிகுந்த ஊர் என்றால் வளையத்துக்கு. கால்பிரெய்துக்கு வளையம்.

டியூப்லெஸ் போடும் வரிசை இது. ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும். பழைய பசை ஒட்டியிருந்தால் டேப் நிற்காது. டேப் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். வால்வு துளைக்கு எதிர்ப்புறம் தொடங்கி, இழுத்துப் பிடித்தபடி சுற்றி, 10 செ.மீ. மேலே ஏற்றி முடிக்கவும். வால்வு துளையைக் கத்தியால் கிழிக்காமல் சூடான ஊசியால் குத்தவும். கிழிசல் ஓடி, காற்று ஸ்போக் துளை வழியாகக் கசிவது அப்படித்தான் தொடங்குகிறது. டயர் ஒருபக்கம் ஏறியபின் வளையம், பிறகு மறுபக்கம். வளையத்தோடு ஏற்றும்போது டயர் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் கிடக்கும்படி முழங்காலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். லீவரை நெம்பிப் பார்ப்பவர்கள்தான் டேப்பைக் கிழிப்பவர்கள். சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்) 100 முதல் 120 மி.லி.; வளையம் இருந்தால் அது கொஞ்சம் குடிக்கும், 20 மி.லி. கூட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிச் சரிபார்க்க வேண்டும்.

காற்று: முன்னே 20, பின்னே 22 பி.எஸ்.ஐ.-யில் தொடங்கலாம், வளையம் இல்லையென்றால் பின்னே 24 அல்லது 25. டிஜிட்டல் கேஜ் ஒன்று அவசியம். கால்பம்பின் முள் 2 பி.எஸ்.ஐ. பொய் சொல்வது சாதாரணம், இந்த அளவில் 2 பி.எஸ்.ஐ. என்பது வேறு டயர் போட்டதுபோல.

பிரேக், கியர், சீட்போஸ்ட்

எடைக்காக 2 பிஸ்டன் பிரேக், 160 மி.மீ. தட்டு போட்டிருக்கும் வண்டிகள் இந்த வகையில் உண்டு. 4 பிஸ்டனுக்கும் பெரிய தட்டுக்கும் மாறினால் மொத்தம் 150 முதல் 200 கிராம் கூடும், அதாவது ஏற்றத்தில் ஐந்து நொடி. தட்டு 180-லிருந்து 203 ஆனால் அதே விரல் அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை 13 சதவீதம் கூடும், சூடும் பரவும். முன்னே 200 அல்லது 203, பின்னே 180. ஃபோர்க்கும் ஃபிரேமும் அனுமதிக்கும் உச்சத் தட்டளவைக் கையேட்டில் பாருங்கள். அந்த ஆண்டுகளின் எஸ்.ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட் 5.1 எண்ணெய், ஷிமானோ மினரல் எண்ணெய். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும்.

கியரில் எடை குறைப்பது லாபமான இடம் காசெட் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) ஒன்றுதான். ஷிமானோ டியோர் 10-51 காசெட் சுமார் 590 கிராம், எக்ஸ்.டி. (XT) சுமார் 470. எஸ்.ராம் என்.எக்ஸ். 615 அளவில், ஜி.எக்ஸ். 450 அளவில். என்.எக்ஸிலிருந்து மாறுவதென்றால் ஹப்பில் எக்ஸ்.டி. (XD) டிரைவர், அதாவது காசெட் மாட்டும் வேறு வகை உருளை, வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இங்கே 120 முதல் 160 கிராம் குறைவது பின்சக்கரத்திலிருந்து என்பதால் சஸ்பென்ஷனுக்கும் நல்லது, வலிமையில் எதுவும் இழப்பதில்லை. முன் பற்சக்கரம் 32 பல். 32-க்கு 52 கியரில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 4.3 கி.மீ. வரும். அந்த வேகத்துக்குக் கீழே கால் தடுமாறுபவர் 30 பல் போட்டுக்கொள்ளலாம், வெட்கமில்லை.

டிராப்பர் போஸ்டில் 100 மி.மீ. இறங்கும் இலகு வகைகள் 200 கிராம் மிச்சம் தரும். வேண்டாம். செங்குத்தில் சீட் வயிற்றில் இடிக்கும். இந்த உயரத்துக்கு 180 மி.மீ. வேண்டும், வாங்கும்முன் சீட் டியூப்பில் எவ்வளவு ஆழம் உள்ளே போகும் என்று அளவெடுங்கள். கேபிளின் வளைவு தடுத்து போஸ்ட் முழுதும் இறங்காமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

தராசில் வந்த கணக்கு

நிறுவனங்கள் சொல்லும் எடை பெடல் இல்லாமல், பல நேரம் மீடியம் அளவில். நம் கணக்கு லார்ஜில், ஓட்டத் தயாரான நிலையில். ஃபிரேமும் ஷாக்கும் 2,550 கிராம். ஃபோர்க் 1,550. சக்கரங்கள் 1,750. டயர் இரண்டும் 1,850, வளையம் 150, சீலன்ட் 200. காசெட், செயின், கிராங்க், பாட்டம் பிராக்கெட், டீரெய்லர் (செயினை நகர்த்தும் பாகம்), ஷிஃப்டர் எல்லாம் 1,830. பிரேக்கும் தட்டுகளும் 910. பார், ஸ்டெம், கிரிப் 450. டிராப்பர் அதன் லீவரோடு 600, சீட் 220. கூட்டினால் 12,060. பெடல் 400 சேர்த்தால் 12.46 கிலோ. எல்லாம் சுற்றெண்கள்தான், 200 கிராம் முன்பின் இருக்கலாம்.

கடையில் அதே வண்டியின் உயர்தர வடிவம் 11.3 கிலோ அளவில் நிற்கும். வித்தியாசம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் பெடல் போக மீதி பெரும்பாலும் டயர், வளையம், சீலன்ட், சக்கரம், பிரேக். நாற்பது நிமிட ஏற்றத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவான நஷ்டம்.

சஸ்பென்ஷன் அமைக்கும் முறை

வழக்கமாக அணியும் எல்லாவற்றோடும் நின்ற நிலையில் சாக் (ஓட்டுநரின் எடையால் மட்டும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) பாருங்கள். முன்னே 120-ல் 15 முதல் 20 சதவீதம், அதாவது 18 முதல் 24 மி.மீ. பின்னே ஷாக் தண்டில் 12 முதல் 13.5 மி.மீ. பந்தய வண்டி என்று நினைத்துப் பின்னே கெட்டியாக வைப்பவர்கள் உண்டு, 120 மி.மீ.-யில் 20 மி.மீ. பயன்படாமலே கிடக்கும். பிறகு நன்கு தெரிந்த ஒரு பாதையில் இறங்கி, ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மிகப்பெரிய குதிப்பில் மட்டும் முழுப் பயணமும் தீர வேண்டும். சாதாரண இறக்கத்திலேயே தீர்ந்தால் காற்றைக் கூட்டாதீர்கள். முதலில் ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்று அறையின் கொள்ளளவைக் குறைக்கும் துண்டு) சேருங்கள். சாக் அப்படியே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் கெட்டியாகும். பின்பக்கம் தாவலின் உதட்டில் உதைத்து மேலே தூக்கினால் ரீபவுண்டை ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். வேர்களில் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து கடுமையானால் ஒரு கிளிக் வேகமாக்குங்கள்.

ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயும் ஷாக்கின் காற்று அறையும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, டாம்பர் உட்பட முழுச் சேவை 200 மணி நேரத்துக்கு ஒருமுறை. மழைக்காலச் சேற்றில் 50 என்பதை 40 என்று வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஸ்பர் வாங்குபவர் கடைசியாக எப்போது இது செய்யப்பட்டது என்று கேட்டு, பதில் தெளிவாக இல்லையென்றால் இரண்டு சேவைக்குமான தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

எப்போது இந்தத் தேர்வு பொருந்தாது

பாகங்களை மாற்றி மாற்றி வண்டி 13.5 கிலோவைத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள். பைக் ஃபோர்க் 130, தொட்டி வைத்த ஷாக், இரண்டு பக்கமும் கனமான உறை என்று போனால், ஆப்டிக்கின் எடையில் ஸ்பரின் ஃபிரேம் கையில் இருக்கும். ஃபிரேம் மட்டுமே பலவீனமான கண்ணியாக நிற்கும். ஒரே மாதத்தில் பின் ரிம் இருமுறை நெளிந்தாலும், ஒவ்வொரு சவாரியிலும் ஷாக் அடியில் இடித்தாலும், ஸ்பேசர் சேர்த்தும் அது நிற்காவிட்டாலும் அதே முடிவுதான். அங்கே தேவைப்படுவது இன்னொரு பாகம் அல்ல, 130 அல்லது 140 மி.மீ. ஃபோர்க்குக்கென்றே வடிவமைத்த ஃபிரேம். ஸ்பரை நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு டால்பாய்க்கோ ஆப்டிக்குக்கோ போகலாம். டி.எச்.ஆர். டயர், பிரேக், தட்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட் சக்கரங்களும் அங்கே அப்படியே பொருந்தும். டிராப்பரை மட்டும், புது ஃபிரேமின் சீட் டியூப் விட்டம் 30.9-ஆ 31.6-ஆ என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.